தன் பெயரோடு சொன்ன பெண்

மாற்றம் தொடங்கும் இடம் - 12

சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் தாம்பரத்துக்கு முன்பாக நிற்கும் ஸ்டேஷன் சானடோரியம். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத் தொழிலாளர்கள் தினமும் இறங்கி ஏறும் அந்த நிறுத்தத்துக்குப் பெயர் தந்தது ஒரு மருத்துவமனை. காசநோயாளிகளுக்காக 1928-ல் அதைத் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணிதமேதை ராமானுஜன் சில காலம் சிகிச்சை பெற்றார்.

காசநோய்க்கு மருந்து வந்தது, பயம் குறைந்தது. அதற்குள் அடுத்த நோய் வந்துவிட்டது.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பல மருத்துவமனைகள் இந்த நோயாளிகளைத் தொடவே தயங்கின. தாம்பரம் மருத்துவமனை சேர்த்துக்கொண்டது. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும்கூட இங்கே வந்தார்கள். தூரத்தைவிட அவர்களை அதிகம் வாட்டியது, சொந்த ஊரில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம்.

அந்தப் பயத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா. லாரித் தொழிலுக்குப் பேர்போன அந்த மாவட்டம் அப்போது தொற்று மிகுந்த பகுதி. திருமணமான கொஞ்ச காலத்திலேயே, கணவர் வழியாகத் தனக்குத் தொற்று வந்திருப்பது கௌசல்யாவுக்குத் தெரிந்தது. வயது இருபதை ஒட்டித்தான். வாயை மூடிக்கொண்டு வாழ்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ முகத்தை மறைக்காமல், தன் பெயரைச் சொல்லி, தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வெளிப்படையாகப் பேசினார். 1998-ல் சென்னையில் தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ அமைப்பைத் தொடங்கினார்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் ‘புள்ளி ராஜா’ எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் நிறைந்திருந்த அந்த விளம்பரம், டீக்கடையில்கூட எய்ட்ஸைப் பற்றிப் பேச வைத்தது. அது பெரிய காரியம். ஆனால், தொற்று வந்தவர் என்றாலே தப்பு செய்தவர் என்ற எண்ணத்தை அது அசைக்கவில்லை. கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத மனைவிக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. அந்த இடத்தைக் கேட்டு வாங்கியவர்கள் கௌசல்யா போன்ற பெண்கள்.

இந்தக் குரல்கள் பெருகியபோது கோரிக்கையும் தெளிவானது: மருந்து வேண்டும், இலவசமாக வேண்டும். 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவச கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) சிகிச்சையை நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. அவற்றில் தாம்பரமும் ஒன்று. படுத்த படுக்கையாக வந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனதை அக்கம்பக்கத்தார் கண்ணால் பார்த்தார்கள். எந்தப் பிரசாரமும் செய்யாத வேலை அது.

இந்த மருந்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் கிருமி, பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. ஒருவர் தன் உயிருக்காக விழுங்கும் மாத்திரை, அவருக்குத் தெரியாமலே இன்னொரு வீட்டையும் காக்கிறது. 2001-ல் தமிழகக் கர்ப்பிணிகளிடையே 1.13 சதவீதமாக இருந்த தொற்று, பிறகு 0.2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இதில் அரசுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டவர்களின் பங்கை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

2017-ல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி. சட்டத்தை நிறைவேற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதையும் மறுக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது.

சட்டம் வந்த பிறகும், பக்கத்து ஊரில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கும்போதே, தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று தொலைவில் உள்ள மையத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண்கள் நம்முடையவை.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், விவரம் ரகசியமாக வைக்கப்படும். சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

(தொடரும்)