கணேஷ் சப்பென்று இருக்கிறானா?

சுஜாதா ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். திருச்சியில் அவர் வாசகர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே கணேஷ்-வசந்துக்கு வந்துவிடும். "வசந்த் இருந்தாத்தான் கதை. கணேஷ் சப்னு இருக்கான் சார்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார்.

நெடுநாள் ஓடும் தொடரில் வழக்கமாகப் புதுசா வருகிறவன் மேல்தான் இந்தப் புகார் விழும். 1969-ல் ஜேம்ஸ் பாண்டாக வந்த ஜார்ஜ் லேஸன்பி வாங்கிக் கட்டிக்கொண்ட மாதிரி. இங்கே தலைகீழ். புதியவன் வந்ததும் பழையவன் சாயம் போய்விட்டது.

கணேஷ் முதலில் வந்தது 1968-ல் குமுதத்தில் வெளியான 'நைலான் கயிறு' தொடரில். 'அனிதா இளம் மனைவி'யில் தனி ஆளாகத் துப்பறிந்தான். அந்தக் கணேஷை இப்போ எடுத்துப் படிச்சுப் பாருங்க. அழகான பெண்ணைப் பார்த்தால் தடுமாறுகிற இளைஞன். சப்பென்ற ஆளே இல்லை.

'ப்ரியா'வில் வசந்த் ஜூனியராகச் சேர்ந்தான். அதற்கப்புறம் ஜொள்ளு, குறும்பு, வார்த்தைக்கு வார்த்தை 'பாஸ்', கடைசிவரை சொல்லி முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் எல்லாம் அவன் கணக்கு. கணேஷுக்கு மிஞ்சியது யோசனையும் நிதானமும். ஒருத்தனிடம் இருந்ததை ரெண்டு பேருக்குப் பாகப்பிரிவினை செய்துவிட்டார் சுஜாதா.

ஏன்? துப்பறிகிறவன் மனசில் ஓடுவதை வாசகனுக்குக் கொஞ்சம் காட்டணும். முழுசா காட்டினால் புதிர் போச்சு. பக்கத்தில் ஒருத்தன் இருந்தால் கேள்வி கேட்பான், தப்பா ஊகிப்பான். ஹோம்ஸுக்கு வாட்ஸன் இதற்குத்தான். 'கொலையுதிர் காலம்' நாவலில் பேயா விஞ்ஞானமா என்ற வாதம் நம்மைப் பிடித்து இழுப்பதே அதை ரெண்டு பேர் மோதிப் பார்ப்பதால்தான். ஒரே தலைக்குள் நடந்திருந்தால் வெறும் புலம்பல்.

'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளையும் நினைத்துப் பாருங்கள். கலகலப்பெல்லாம் ரங்கு கடையில் கூடுகிறவர்களிடம். கதை சொல்லும் 'நான்' பெரும்பாலும் ஓரமாக நின்று பார்க்கிற பையன். அவனை யாரும் சப்னு சொல்வதில்லை. அவன் கண்ணால்தானே நாம் ஸ்ரீரங்கத்தையே பார்க்கிறோம். கணேஷ் செய்வதும் அந்த வேலைதான். அவன் நிதானமாக இருப்பதால்தான் வசந்த் ஆட முடிகிறது.

2008-ல் சுஜாதா மறைந்தார். இனி புதுசா ஒரு கணேஷ் கதை வராது. 'வசந்த் இல்லையே' என்று ஆரம்பக் கதைகளை ஒதுக்குகிறவர்களுக்குத்தான் நஷ்டம். 'அனிதா'வை முடித்த கையோடு 'ப்ரியா'வை எடுங்கள். கணேஷிடமிருந்து வசந்துக்கு என்னென்ன கைமாறியது என்று நீங்களே ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.