கடற்குதிரைக்கு ஒரு கம்பிக்கூடு

கடற்குதிரை பெயரளவிலேயே குதிரை; உண்மையில் அது ஒரு மீன். நிமிர்ந்தவாறு மெல்ல நீந்தும் அதற்கு நீரோட்டத்தை எதிர்க்கும் வலிமை இல்லை. ஆதலின் கடற்புல்லையோ கடற்பஞ்சையோ மென்பவளத்தையோ வாலாற் பற்றிக்கொண்டு, அருகே வரும் சிற்றுயிர்களை உறிஞ்சி உண்டு வாழ்கின்றது. பற்றுக்கோடு அழியின் அதன் வாழ்வும் அழியும்.

அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் வாழும் வைற் கடற்குதிரைக்கு இக்கதியே நேர்ந்தது. சிட்னிக்கு வடக்கேயுள்ள போட் ஸ்டீபன்ஸ் கழிமுகத்தில் மென்பவளத் திட்டுகள் மணலால் மூடுண்டும், படகுகளின் நங்கூரங்களாற் சிதைந்தும் பெரிதும் மறைந்தன. 2020இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இவ்வினத்தை அழியும் ஆபத்துக்கு உள்ளானதென அறிவித்தது.

ஆயினும் சிட்னித் துறைமுகத்தில், நீராடுவோரைச் சுறாவிடமிருந்து காக்கக் கட்டிய வலைகளில் இக்கடற்குதிரைகள் குடியேறியிருந்தன. பாசியும் பஞ்சும் படர்ந்த வலையே அவற்றுக்கு உகந்தது. வலையைத் துப்புரவு செய்தால் உணவும் உறைவிடமும் ஒருங்கே பறிபோகும்.

இவ்வுண்மையை உணர்ந்த ஆய்வாளர், 2018இல் போட் ஸ்டீபன்ஸ் கடலடியில் நண்டுக்கூடு போன்ற இரும்புக் கம்பிக்கூடுகளை அமைத்தனர். அவற்றிற் பாசியும் பஞ்சும் படர்ந்தன. கடற்குதிரைகள் வந்து தங்கி இனம் பெருக்கின. பின்னர் சிட்னியிலும் இத்தகைய கூடுகள் வைக்கப்பட்டன. காலப்போக்கிற் கம்பி துருப்பிடித்துக் கரைய, அதன்மேல் வளர்ந்த உயிர்த்தொகுதி எஞ்சி நிற்கும் என்பதே இதன் நோக்கம்.

எனினும் கூடு தற்காலிகப் புகலிடமே. நங்கூரம் வீழும் இடத்தை மனிதன் எண்ணிப் பார்த்துக் கடலடியைக் காத்தாலன்றி, கடற்குதிரைக்கு நிலையான வீடு கிட்டாது.