படகுக் கருவி கண்விழிக்கும் நேரம்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரைசேர வேண்டும் என்பது விதி. அந்த அதிகாலையில் இயந்திரத்தைக் கிளப்பும் க்ஷணத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் பாட்டரியின் சக்தியையெல்லாம் இழுத்துக்கொள்ள, அதே பாட்டரியை நம்பியிருக்கும் ஜி.பி.எஸ். கருவி மின்னழுத்தம் தாழ்ந்து அணைந்து, மறுபடி ஆதியிலிருந்து தொடங்க நேரிடுவதுண்டு. கரையின் கோபுரங்களையும் பனைகளையும் நேர்வைத்துப் பார்த்தே கடலடிப் பாறைப் பார்களை அடையாளம் கண்ட முன்னோருக்கு இந்தக் காத்திருப்பு இருந்ததில்லை. கோபுரம் எப்போதும் விழித்தே இருக்கும்!

கருவியின் ஞாபகம் தங்கியிருப்பது, ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோக்கா 1984-இல் உலகுக்கு அறிவித்த ஃப்ளாஷ் நினைவகத்தில். அதில் இரண்டு ஜாதி உண்டு. நார் என்பதிலுள்ள கட்டளைகளைப் பிராசஸர் இருந்த இடத்திலேயே படித்து நடத்தலாம். மலிவும் கொள்ளளவும் மிகுந்த நாண்ட் என்பதிலோ, எதையும் முதலில் ராமுக்குப் பிரதியெடுத்த பின்னரே நடத்த முடியும். அன்றியும், ஃப்ளாஷில் அழிப்பதென்றால் ஒரு பெரிய தொகுதியை முழுதாகவே அழிக்க வேண்டும். அழிக்க அழிக்க அது தேயும். ஆகையால் திருத்திய செய்தியைப் பழைய இடத்தில் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவதே வழக்கமாயிற்று.

தாமதத்தின் மூலகாரணம் இதுவே. எது பழையது, எது புதியது என்று கருவி விழித்ததும் தேடவேண்டும். லினக்ஸ் கருவிகளில் நெடுங்காலம் வழங்கிய ஜே.எஃப்.எஃப்.எஸ்.2 என்னும் கோப்பு முறை, சிப்பிக் குவியலில் முத்தைத் தேடி ஒவ்வொரு சிப்பியாகப் பிளப்பவனைப் போல, ஃப்ளாஷ் முழுவதையும் துழாவிப் பார்த்தது. கொள்ளளவு பெருகப் பெருக நேரமும் பெருகிற்று. நோக்கியாவின் பொறியாளர்களும் ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து படைத்து, 2008-இல் லினக்ஸில் இடம்பெற்ற யு.பி.ஐ.எஃப்.எஸ்., அட்டவணையை ஃப்ளாஷிலேயே எழுதிவைத்து அத்தேடலை ஒழித்தது. எனினும் அதன் அடித்தளமான யு.பி.ஐ. ஒவ்வொரு தொகுதியின் தலைப்பையும் படித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கும் 2012-இல் ஃபாஸ்ட்மேப் என்ற பரிகாரம் வந்தது.

மற்றச் சிக்கனங்கள் எளியவை. விசைப்பலகையே இல்லாத கருவியில், யாரேனும் விசை அழுத்துவார்களோ என்று தொடக்க நிரல் சில விநாடி காத்திருப்பதை நிறுத்தலாம். யாரும் படிக்காத அறிக்கைகளை அச்சிடாமல் விடலாம். வரைபடத்தை முதலில் காட்டி, ஏனையவற்றைப் பிறகு ஏற்றலாம்.

ஆனால் இரண்டு விநாடியில் எழும் கருவி என்று விளம்பரம் செய்வோர் பாதி உண்மையையே சொல்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். திரை ஒளிர்வது வேறு, படகு நிற்குமிடம் தெரிவது வேறு. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் வீதம் நிதானமாக அனுப்புகிறது. அதை ஒருமுறை சொல்லி முடிக்க 30 விநாடியும், எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப் பஞ்சாங்கத்தையும் சொல்லி முடிக்க 12½ நிமிஷமும் ஆகும். பஞ்சாங்கத்தைக் கருவி சேமித்து வைத்திருந்து பல நாள் பயன்படுத்தலாம். பாதை விவரமோ ஏறக்குறைய 4 மணி நேரமே செல்லும். இரவு 9 மணிக்குக் கட்டிய படகு காலை 5 மணிக்கு அவிழும்போது அது காலாவதியாகியிருக்கும். கைபேசி இதே விவரத்தை இணையத்தின் வழியாக விரைந்து பெற்றுவிடும். கைபேசிக் கோபுரங்களின் அலை எட்டாத ஆழ்கடலில் அதற்கும் அந்த அரை நிமிஷம் வேண்டும்.