செய்தியும் அறிவிப்பும்: மாணவர் வானொலியில் பணிவழிக் கற்றல்

மாணவர் வானொலியின் செய்தி நிகழ்ச்சியை ஆராயப் புகுவோர் இந்தியாவில் முதலில் எதிர்கொள்வது ஒரு தடையாணை. கல்வி நிறுவனங்கள் வானொலி நிலையம் நடத்த 2002ஆம் ஆண்டுக் கொள்கை இடமளித்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. 2006ஆம் ஆண்டு நெறிமுறைகள் தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வுரிமையை விரித்தன. எனினும் சமுதாய வானொலிகள் செய்தியையும் நடப்பு நிகழ்வுகளையும் ஒலிபரப்பலாகாது என்னும் விதி நிலைத்தது. அகில இந்திய வானொலியின் செய்திகளை மறுஒலிபரப்பவும், வானிலை, தேர்வு, குடிநீர், மின்தடை, இயற்கைச் சீற்றம் முதலியன குறித்து அறிவிக்கவும் பின்னர் இசைவு கிடைத்தது. ஆக, மாணவர் தாமே உருவாக்கக்கூடியது அறிவிப்பு மட்டுமே. இதனைப் பயிற்சிக் குறைபாடாக மட்டும் காண்பது பொருந்துமா என்பதே இங்கு வினா.

கடலூர் மாவட்டம் 2004இல் ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும், 2015இல் பெருவெள்ளத்தையும் கண்டது. அவ்வெள்ளத்தை அடுத்து மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியால் கடலூரில் 107.8 அலைவரிசையில் பேரிடர் கால வானொலி இயங்கியது. அது மாணவர் நிலையம் அன்று. ஆயினும் மின்சாரமும் கைப்பேசியும் ஓய்ந்த ஊரில் முகாம் எங்குள்ளது, எந்தச் சாலை மூழ்கியது என்னும் அறிவிப்பே தலைப்புச் செய்தி என்பதை அத்தகைய வானொலி உணர்த்துகிறது.

அறிவிப்பை எழுதுவது எளிதன்று. ஏரியிலிருந்து விநாடிக்கு இத்தனை கன அடி உபரிநீர் திறக்கப்படுவதாக அலுவலகக் குறிப்பு வருகிறது எனக் கொள்வோம். கரையோரத்தில் குடியிருப்பவருக்குக் கன அடி பயன்படாது. நீர் எப்போது வரும், எவ்வழி அடைபடும் என்பதே தேவை. குறிப்பில் அவை இல்லையெனில் மாணவர் மீண்டும் அலுவலகத்தைக் கேட்டாக வேண்டும். 'வெள்ளாறு' என்று மட்டும் எழுதுவதும் போதாது: பரங்கிப்பேட்டையில் கடல் சேர்வது ஒன்று, புதுக்கோட்டை வழியே பாய்வது மற்றொன்று. நிலையத்தின் எல்லைக்குள் குழப்பம் நேராது. ஒலிப்பதிவு கைப்பேசிவழி வெளியூர் சென்றால் நேரும். இவற்றினும் நுட்பமானது 'இன்று' என்னும் சொல். மாலையில் பதிவுசெய்த நிகழ்ச்சி மறுநாட் காலை மறுஒலிபரப்பாகும்போது அச்சொல் பொய்யாகிறது. நாளும் நேரமும் குறிக்கும் பழக்கத்தைப் பாடநூலைவிட இத்தகைய மறுஒலிபரப்பே விரைவாகக் கற்பிக்கும். எல்லையும் ஒரு பாடமே. 100 வாட் ஆற்றலுடைய நிலையம் ஏறத்தாழ 10 முதல் 15 கி.மீ. வரையே எட்டும், சுமார் 45 கி.மீ. இடைவெளியுள்ள கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரே நிலையம் போதாது. ஆகவே சிதம்பரத்து மாணவர் தம் வட்டாரத் தெருப்பெயர்களை அறிந்திருத்தல் வேண்டும்.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் 1991இல் விளக்கிய சூழல்சார் கற்றற் கோட்பாட்டில், புதியவர் பட்டறிவுடையோர் குழுவின் விளிம்பில் நுழைந்து படிப்படியாக மையம் சேர்கிறார். மாணவர் வானொலியில் இது முழுதும் பொருந்தாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மூத்தோர் பட்டம் பெற்று வெளியேற, மையமே கலைந்துவிடுகிறது. எஞ்சுவது திருத்தக் குறிகளோடு கூடிய எழுத்துப்படிகளே. அவற்றைப் பாதுகாக்கும் நிலையம் ஆசானைத் தக்கவைத்துக்கொள்கிறது எனலாம்.

இப்பயிற்சி எட்டாத இடமும் உண்டு. கரை உடைந்தது என்று நிர்வாகம் தரும் தகவலை மாணவர் பிழையின்றி அறிவிக்கலாம். அது ஏன் உடைந்தது, முன்பே பழுது நீக்கப்பட்டதா என்று கேட்டு விடையை ஒலிபரப்பினால், நடப்பு நிகழ்வு என்னும் தடைக்குள் அது அகப்படக்கூடும்.