ஒரு பட்டன் மாறினால் 40 டெஸ்ட்டும் விழணுமா?

கூலிம், சுங்கை பட்டாணியில் டெஸ்ட் ஆட்டோமேஷன் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தத் தலைவலி தெரியும். உலாவியைத் தானாக இயக்கும் செலினியம் 2004-இல் சிகாகோவில் பிறந்தது. அதில் டெஸ்ட் எழுதுவது சுலபம், சிக்கல் பிறகுதான். ‘லோக் மாசுக்’ பட்டன் ‘லோகின்’ என்று மாறினால், பழைய பெயரைத் தேடும் 40 டெஸ்ட்டும் விழும். ஒவ்வொன்றாகத் திருத்தணும்!

கெடா ரப்பர் தோட்டத்துப் பெரட்டைப் பற்றித் தாத்தாவைக் கேளுங்க. யாருக்கு எந்த நிரை என்பது மண்டோருக்குத் தெரியும். மாற்றம் என்றால் அவரிடம் சொன்னால் போதும். லோகின் பக்கத்துக்கும் அப்படி ஒரு கிளாஸ் எழுதுங்க. பட்டன் எங்கே என்பது அதற்கு மட்டுமே தெரியட்டும். டெஸ்ட்டுகள் அதன் ஆப்ஜெக்ட்டிடம் ‘உள்ளே போ’ என்று மட்டும் சொல்லும். பெயர் மாறினால் திருத்துவது ஒரே வரி. இதுதான் ‘பேஜ் ஆப்ஜெக்ட்’ முறை.

ஆனா, விடை சரியா தப்பா என்று பார்ப்பதை கிளாஸுக்குள் போடாதீங்க. அது டெஸ்ட்டின் வேலை.