வீடும் கடனும் – 14
கணவர் கொடுத்த முன்பணம்

கணவர் வளைகுடாவில், மனைவி ஊரில் ஆசிரியை அல்லது செவிலியர். இரணியல், திங்கள்நகர், வில்லுக்குறி வட்டாரத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக் கடன் கேட்டு மனைவி தனியாக வங்கிக்குப் போனால், "சாரையும் சேத்துக்கிடலாமே டீச்சர்?" என்பார்கள். சேர்த்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. பத்திரத்தில் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் கடனிலும் சேர வேண்டும் என்பதுதான் பெரும்பாலான வங்கிகளின் நடைமுறை. பத்திரம் மனைவி பெயரில் மட்டும் இருந்து, தவணை கட்ட அவர் சம்பளமும் போதுமென்றால், அவர் தனியாகவே கடன் வாங்கலாம். கணவரைச் சேர்த்தால் விசா, வேலை ஒப்பந்தம், அதிகாரப் பத்திரம் என்று காகிதம் கூடும். அவருக்கு ஏற்கெனவே உள்ள கடனும் கணக்கில் ஏறும்.

சிக்கல் முன்பணத்தில்தான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதையும் தாண்டினால் 75 சதவீதமும் கொடுக்கலாம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 32 லட்சம் கடன் கிடைத்தால், கையிலிருந்து போட வேண்டியது 8 லட்சம். அதோடு முடியாது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3.6 லட்சம். இதை வங்கி வீட்டின் விலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. எனவே 11.6 லட்சம் வேண்டும். அதைக் கணவர் அனுப்புகிறார்.

இது கடனா, கொடையா என்று வங்கி கேட்கும். கடன் என்றால் அதையும் மனைவியின் சம்பளத்திலிருந்துதானே அடைக்க வேண்டும்? ஆகவே கணவர் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும்: இன்ன கணக்கிலிருந்து இன்ன தேதியில் இவ்வளவு தொகையை மனைவிக்கு அன்பினால் கொடுத்தேன், திருப்பித் தர வேண்டியதில்லை, இதை வைத்து வீட்டில் உரிமை கோரமாட்டேன். மனைவியும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டும். நிலத்தையோ வீட்டையோ கொடையாகக் கொடுத்தால் பதிவு கட்டாயம். பணத்துக்கு அது வேண்டாம். ஆனால் பணம் வங்கி வழியாகவே வரட்டும்.

இந்த இடத்தில் பல வீடுகளில் ஓர் அநியாயம் நடக்கிறது. மனைவியின் கல்யாண நகையை விற்று, பணத்தைக் கணவர் கணக்கில் போட்டு, அதையே 'கணவர் கொடுத்த கொடை' என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஸ்ரீதனம் பெண்ணின் முழுச் சொத்து என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பணம் நேராக அவர் கணக்குக்கே போக வேண்டும்.

பினாமி ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். கணக்கில் உள்ள வருமானத்தைக் கொண்டு மனைவி பெயரில் வாங்குவதைப் பினாமி சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. கணவர் கொடுத்த பணத்துக்கு, தொகை எவ்வளவானாலும், மனைவி வரி கட்ட வேண்டியதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் மட்டும் கவனம் வேண்டும்: கொடைப் பணத்தின் அளவுக்கு உரிய வாடகை, கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். குடியிருக்கும் வீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கொடைக் கடிதம் வங்கிக்காக மட்டும் என்று நினைப்பது பெரிய தவறு. மனைவிக்குக் கணவன் கொடுத்தது நிலைக்குமா என்ற கேள்வி இந்த மண்ணில் பழையது. மருமக்கள்வழி வேளாளர் குடும்பங்களில் சொத்து சகோதரி மகனுக்குப் போயிற்று. மனைவி மக்களுக்கு உகந்துடமை என்று ஒரு பங்குதான். அந்தத் துயரத்தைத் தேரூர் கவிமணி 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் ஓர் ஐந்தாம் மனைவியின் வாயால் சொல்ல வைத்தார். நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926-ல்தான் வந்தது. இன்று மருமக்கள்வழி இல்லை. ஆனால் மனம் கசந்தாலோ கணவர் மறைந்தாலோ, "அவன் அனுப்புன பைசாதானே" என்று அவர் வீட்டார் கிளம்ப எவ்வளவு நேரமாகும்? அன்றைக்குப் பேச இந்தக் கடிதம் வேண்டும். அசலை வங்கி வாங்கிக்கொண்டால், சான்றொப்பமிட்ட ஒரு பிரதியை மனைவி தன்னிடம் வைத்திருக்க வேண்டும்.

தனியாக வாங்கிய கடனின் பாரமும் தனிதான். 32 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 27,770 ரூபாய். வளைகுடா வேலை போனாலும் அதைக் கட்ட மனைவியின் சம்பளம் தாங்குமா என்று பார்த்துவிட்டே இறங்குங்கள். கடனுக்கான காப்பீட்டை வழக்கம்போல் 'சம்பாதிக்கிற ஆம்பள' பெயரில் எடுக்காதீர்கள். கடனாளி மனைவி; அவர் உயிருக்குத்தான் எடுக்க வேண்டும்.

(தொடரும்)