மனசைப் படிக்கும் படிப்பு



பிளஸ் டூ முடிச்சதும் என்ன படிக்கப் போறேன்னு கேட்டா டாக்டர், டீச்சர், போலீஸ் என்போம். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகப் போறேன்’னு யாராவது சொன்னால், “அது பைத்தியத்துக்குப் பார்க்கிற வேலையாச்சே!” என்று சிரிப்போம். அது சரிதானா? வாங்க, பார்ப்போம்.

★ ரெண்டு பேரும் ஒருத்தர் இல்லை!

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்த டாக்டர். மருந்து எழுதித் தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) மருந்து தர மாட்டார். நினைவாற்றல், கவனம், அறிவுத்திறன் இவற்றைச் சோதித்து அளப்பார். பேசியும் பழக்கியும் சரி செய்வார். நாயைக் கண்டாலே நடுங்குகிறவருக்கு முதலில் நாயின் படம், அப்புறம் தூரத்தில் கட்டிய நாய், அப்புறம் பக்கத்தில் என்று படிப்படியாகப் பயத்தைப் போக்குவார். பரீட்சை பயம், தூக்கம் வராமை, ஓயாத கவலை எல்லாவற்றுக்கும் இவரிடம் போகலாம்.

★ தொடங்கியதே ஒரு மாணவனால்!

1896-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற பேராசிரியரிடம் ஒரு ஆசிரியை தன் மாணவனை அழைத்து வந்தார். பையனுக்கு எழுத்துக் கூட்டி எழுதவே வரவில்லை. விட்மர் அவனைத் திட்டவில்லை, சோதித்தார். பார்வையில் குறை தெரிந்தது. கண்ணாடி போட வைத்துத் தனிப் பயிற்சியும் கொடுத்தார். இப்படித்தான் உலகின் முதல் உளவியல் கிளினிக் தொடங்கியது. ‘மக்கு’ என்று நாம் சொல்லும் நண்பனுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கலாம் அல்லவா?

★ நமக்கு எதுக்கு இது?

நம் பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தில் இருக்கிறது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்து போனார்கள். அவர்களை அங்கே விட்ட குடும்பங்கள் கெட்டவர்கள் இல்லை. பேய், செய்வினை என்று நம்பினார்கள். வேறு எங்கே போவதென்று சொல்ல ஆள் இல்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, சங்கிலி போடுவதைத் தடை செய்துவிட்டது. ஆனால் சட்டம் மட்டும் வைத்தியம் பார்க்காது. படித்த ஆட்கள் வேணும்.

★ என்ன படிக்கணும்?

1. பி.எஸ்ஸி. சைக்காலஜி. பல கல்லூரிகளில் எந்த குரூப் எடுத்தவர்களும் சேரலாம். சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளிலேயே இருக்கிறது.
2. எம்.எஸ்ஸி. சைக்காலஜி, 2 வருடம்.
3. அதன் பிறகு மருத்துவமனையில் நோயாளிகளோடு இருந்து பயிலும் பயிற்சிப் படிப்பு. 2 வருட எம்.ஃபில். தான் பலர் வந்த வழி. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதற்குப் பேர் போனது. எம்.ஃபில். பட்டமே நிறுத்தப்பட்டபோதும் இந்தப் பாடத்துக்கு மட்டும் 2025-26 வரை யு.ஜி.சி. அனுமதி தந்தது. எனவே சேரும் வருடத்தில் எந்தப் படிப்பு செல்லும் என்று கேட்டுவிட்டுச் சேரணும்.
4. கடைசியாக, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு.

இத்தனையும் எதற்கு? மனசும் உடம்பு மாதிரிதான். தெரியாதவர் கை வைத்தால் புண் பெரிசாகும். ஆகவே ‘கவுன்சலிங்’ என்று போர்டு பார்த்ததும் உள்ளே போகாமல், பதிவு எண் இருக்கான்னு கேளுங்க! தபாலில் படித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களும் கவனிக்கவும்: 2025-26 முதல் சைக்காலஜிக்குத் தொலைநிலையில் சேர்க்கை கிடையாது.

★ நம்மால் முடியுமா?

1886-ல் நம் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மன்னர் கல்லூரியில் சேர்ந்தபோது, ‘பெண்ணா?’ என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1912-ல் அவர் டாக்டர் ஆனார். நம்ம ஊரிலிருந்து போனவர்தானே அவரும்!

ஏழு வருடப் படிப்பு எல்லாருக்கும் வேண்டாம். ஆனால் ‘பைத்தியம்’ என்று கேலி செய்வதை இன்றே நிறுத்த எல்லாராலும் முடியும். முதலில் அதைச் செய்வோமா?

[ பெட்டிச் செய்தி: மனசு கனமா இருக்கா? டெலி-மானஸ் 14416. 2022-ல் தொடங்கிய அரசு உதவி எண். 24 மணி நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். ]